நமுனுகுலவுக்குப் பின்னால் சூரியன் மறையாது

பதுளை டவுனில் நின்று பார்த்தால் நமுனுகுல மலை தென்கிழக்கே தெரியும். உயரம் 2,036 மீட்டர். காலை வெயில் கிழக்கே அந்த மலைப் பக்கமாக ஏறி, பின்னேரம் மேற்கே வெலிமடைப் பக்கமாக இறங்கும். வருசத்தில் எந்த மாதமும் இது மாறாது. ஆனாலும் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. கீழே பதுளை நகரம், கடை விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். பின்னால் நமுனுகுல. அதன் உச்சியில் செக்கச் செவேலென்று அந்திச் சூரியன். ‘எங்கள் ஊரின் இயற்கை அழகு’ என்று மேலே எழுதியிருந்தது. எனக்கு அதை அனுப்பியவர்கள் எல்லாரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்தான்.

2020 ஒக்டோபரில் போட்டோஷொப் மென்பொருளில் வானத்தை மாற்றும் வசதி சேர்ந்தது. இன்று அது சாதாரண போனிலும் கிடைக்கிறது. விரலால் ஒரு தட்டு தட்டினால் மேகம் மாறிவிடும். நாம் ஒன்றும் தட்டாமலே போன் தன் பாட்டில் செய்கிற வேலைகளும் உண்டு. 2019 இல் ஹுவாவி போன்களையும் 2023 இல் சாம்சங் போன்களையும் வைத்துப் பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். லென்ஸில் விழாத நுணுக்கங்களையும் சேர்த்து நிலவைக் காட்டுகின்றன என்பதுதான் அப்போது வந்த குற்றச்சாட்டு.

அந்த அந்திப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் கேட்டார்: “அப்ப கமராவில இருந்து வந்தபடியே போடுறதுதானே நேர்மை? கை வைச்சா பொய்தானே?” இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. கை வைப்பதில் பலவகை இருக்கிறது. எங்கள் மலைகளைப் பற்றிய படங்களில் உள்ள பெரிய பொய் வானத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

துன்ஹிந்தவை எடுத்துக்கொள்வோம். பதுளு ஓயா 64 மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிற இடம். செக்கனில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்தால் துளிகள் கண்ணாடிச் சில்லுகளாக அந்தரத்தில் நிற்கும். இரண்டு செக்கன் திறந்து வைத்தால் தண்ணீர் என்ற ஒன்றே இராது, வெண்மையான ஒரு புகைத் திரை மட்டும் இருக்கும். இரண்டில் எது நிஜம்? துளி உறைந்து நிற்பதை எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. தண்ணீர் புகையாக இழைவதையும் கண்டதில்லை. நான் எட்டில் ஒரு பங்கு செக்கனுக்குப் போவேன். அதில் நீர் விழுகிற வேகமும் தெரியும், அடியில் இருந்து கிளம்பும் சாரலும் கலையாமல் இருக்கும். அங்கே நிற்கும்போது முகத்தில் அடிப்பது அந்தச் சாரல்தான். இது என் தேர்வு. இன்னொருவர் இன்னொன்றைத் தேர்ந்தால் அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன்.

இதே நீர்வீழ்ச்சியில் செய்யப்படும் வேறொரு வேலையைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. நவம்பர், டிசம்பர் மழையில் துன்ஹிந்த வெள்ளையாக விழாது. பால் தேத்தண்ணி நிறத்தில், சில நாளில் செங்கல் நிறத்திலேயே விழும். அந்த நிறம் மேலே ஏதோ ஒரு தேயிலைச் சரிவில் இருந்தோ மரக்கறித் தோட்டத்தில் இருந்தோ கழன்று வருகிற மண். அந்த நாட்களில் எடுத்த படங்களில் மஞ்சளையும் சிவப்பையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மழைக்காலத்து வெள்ளத்துக்குக் கோடைகாலத்து வெண்மையைப் பூசி வெளியிடுகிறார்கள். ஷட்டர் நேரத்தை நீட்டுவதால் நமக்கு எந்தச் செய்தியும் இல்லாமல் போவதில்லை. மண் நிறத்தை எடுத்தால் போகிறது. எங்கள் ஊவா மாகாணத்தின் சரிவுகள் கரைந்துகொண்டிருக்கின்றன என்ற செய்தி அது.

உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தைப் பாருங்கள். 1941 நவம்பர் முதலாம் திகதி அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதை அன்செல் அடம்ஸ் எடுத்தார். எதையும் மாற்றாமல் நெகட்டிவை அப்படியே அச்சிட்டால் வானத்தில் மெல்லிய மேகங்கள் நிறையவே இருக்கும். அவர் பின்னாளில் போட்ட பிரதிகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. வயது ஏற ஏற அதை இன்னும் இருட்டாக்கிக்கொண்டே போனார். ஆனால் ஊர் ஊராகவே இருந்தது. கல்லறைச் சிலுவைகள் நின்ற இடத்திலேயே நின்றன. நிலவு எழுந்த இடத்தில்தான் எழுந்தது. வெளிச்சத்தை அழுத்தியும் தளர்த்தியும் தான் கண்டதை அவர் சொன்னார். இல்லாத ஒன்றை அங்கே கொண்டுவந்து வைக்கவில்லை.

அதன் மறு கோடியில் நம் ஆள் ஒருவர் இருந்தார், சென்னை மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 இல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை விடவில்லை. அவர் தமிழில் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். பல கமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டு, யானை மேலே உட்கார்ந்து கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். காட்டு விலங்கு அதன் இடத்தில், அதன் போக்கில் இருப்பதுதான் அவருக்கு முக்கியம். முன்னால் ஒரு புதர் மறைத்தால் அந்தப் புதரும் படத்தில் இருக்கும்.

ஆனால் கவனியுங்கள், அவரும் நிறத்தைக் கைவிட்டவர்தான். உலகம் கறுப்பு வெள்ளையில் இல்லை. ‘கை வைச்சா பொய்’ என்றால் கிருஷ்ணனின் படங்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். அப்படிச் சொல்ல எவருக்கும் நா எழாது.

இந்த எல்லையை எங்கே போடுவது என்று உலகப் புகைப்பட அமைப்புகளே நீண்ட காலம் அடித்துக்கொண்டன. கடைசியில் 2014 இல் அமெரிக்கப் புகைப்படச் சங்கம், சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாப், பிரித்தானிய ரோயல் சங்கம் மூன்றும் சேர்ந்து ‘இயற்கைப் படம்’ என்பதற்குப் பொதுவான விதியை எழுதின. எதையும் சேர்க்கக்கூடாது, நீக்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. வெட்டிச் சுருக்கலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், கறுப்பு வெள்ளை ஆக்கலாம். இவ்வளவும் சரி. ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: மனிதன் பயிரிட்ட செடி இயற்கைப் படத்தில் சேராது. இயற்கையின் கதைக்கு இன்றியமையாதது என்றால் ஒழிய மனிதனின் கைவேலை எதுவும் சட்டகத்துக்குள் இருக்கக்கூடாது.

இதை முதல் தரம் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊவாவில் ‘இயற்கை’ என்று சொல்லி நாம் எடுக்கும் படங்களில் எவ்வளவு இந்த விதிக்குள் வரும்? தேயிலை பயிர். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காட்டை எரித்துக் கோப்பி நட்டார்கள். 1869 இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. தம்பேதன்னையில் லிப்டன் ஆலை கட்டியது 1890 இல். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் முடிந்தது, பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். கலியாணச் சோடிகள் போய் நின்று படம் எடுக்கும் பைன் காடுகூடக் கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் பத்தனைப் புல்வெளியில் நட்டது. வெளிநாட்டு மரம், அடியில் வேறு செடி அதிகம் முளைக்காது, கோடையில் அடிக்கடி தீப்பிடிக்கும். நமக்கு ‘பச்சைப் பசேல்’ என்று தெரிவதெல்லாம் ஆட்கள் வெட்டி, நட்டு, சுமந்து, கவ்வாத்து வெட்டி நிற்க வைத்த பச்சை.

விதிக்காரர்கள் சொல்வது சரி, தேயிலை மலை காடு அல்ல. ஆனால் இங்கே படம் எடுக்கிறவர்கள் அந்த விதியின் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மனித அடையாளம் இல்லாவிட்டால் இயற்கை என்று ஆகிவிடும் என்பது அந்தப் பாதி. அதனால் தேயிலையை வைத்துக்கொண்டு ஆளை எடுத்துவிடுகிறார்கள். பெரிய பொய் என்று நான் சொன்னது இதைத்தான்.

அண்மையில் ஹப்புத்தளைப் பக்கத்துப் படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை மூட்டம், அடுக்கடுக்கான மலைகள், முன்னால் வழவழவென்று தேயிலை. அழகான படம், மறுக்கவில்லை. வலப்பக்கத்தில் தேயிலை நிறைகளின் மேல் மெல்லிய கோடு ஒன்று சாய்வாக ஓடியது. மின்கம்பியின் நிழல். கம்பியைக் காணவில்லை, கம்பத்தையும் காணவில்லை. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனால் ஒற்றையடிப் பாதை ஒன்று. நன்றாக மிதிபட்டு வெளுத்த பாதை. அது இரண்டு தேயிலை நிறைகளுக்கு நடுவே இறங்கி, ஒரு திருப்பம் திரும்பி, அப்படியே செடிக்குள் முடிந்துபோனது. எந்தப் பாதையும் அப்படி முடியாது. தினமும் கால் பட்டால்தான் பாதை அவ்வளவு வெளுக்கும். அது போய்ச் சேர்ந்த இடத்தில் தேயிலைச் செடிகள் ஒன்றைப்போல ஒன்றாக, அதே கிளை, அதே இலை, நகல் எடுத்து ஒட்டியது தெரிந்தது. அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்று இருந்திருக்கிறது. தகரக் கூரை, நீல நிறத் தண்ணீர்த் தாங்கி, கொடியில் காயும் உடுப்பு எல்லாம் ‘கண்ணை உறுத்தியிருக்கும்’. அழித்துவிட்டார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நான்கைந்து பேர் படுத்து எழும்புகிற இடம் அது. அந்த மலையை அப்படி வழவழவென்று வைத்திருப்பவர்கள் அவர்கள்.

மென்பொருள் இல்லாத காலத்திலும் இது நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டியில் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன் கம்பெனி என்று பெரிய ஸ்டூடியோக்கள் இருந்தன. தோட்டக் காட்சிகளை எடுத்துக் கப்பலில் வந்துபோகும் வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். ஆட்களைக் கூடையோடு வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள். எவர் முகத்திலும் வேலைக் களை இராது. ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். வேண்டுமென்றே மங்கலாக எடுக்கிறார் என்று இங்கிலாந்தில் ஏச்சு வாங்கிய பெண். அவர் இலங்கையில் எடுத்து இன்று மிஞ்சியிருக்கும் கொஞ்சப் படங்களைப் பார்த்தால், ஸ்கீன் கம்பெனியின் தெளிவான படங்களில் காணாத ஒன்று கிடைக்கிறது. கமராவைத் திரும்பிப் பார்க்கும் ஒரு மனிதர். நுணுக்கம் மங்கினாலும் ஆள் மங்கவில்லை. பிறகு கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் எல்லா வித்தையும் செய்தார், கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கும் சோலரைசேஷன் உட்பட. அவருடைய படங்களிலும் உழைக்கிற உடம்பின் பாரம் குறைந்ததில்லை.

என் சித்தி பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். இப்போது பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறார். ஒரு தேயிலைப் பெட்டியில் அச்சான படத்தைப் போனில் பிடித்து அவரிடம் காட்டினேன். பளிச்சென்ற நிறங்கள், சிரிக்கிற பெண், கை நிறையக் கொழுந்து. சித்தி கண்ணாடியைப் போட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இது வேலைக்கு வந்த ஆளா தம்பி? இடுப்புல படங்கு கட்டல. கூடைக்கயிறு தலையில இல்ல, தோள்ல மாட்டியிருக்கு. இலை முத்திப்போயி நிக்குது பாரு, ரெண்டு கிழமையா இந்த மலைக்கு ஆள் ஏறல. மட்டக்கம்பும் இல்ல.”

அடுத்து, நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. அவர் வேலை செய்த மலைதான், எதிர்ப்பக்கத்து ரோட்டில் இருந்து எடுத்தது. வானத்தை நன்றாக இருட்டாக்கி, மலையின் மடிப்புகளை எடுப்பாக்கியிருந்தேன். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை.

“நம்ம பத்தாம் நம்பர் மலை. அந்தா, அந்தக் கல்லுக்குக் கீழதான் அட்டை பிடிச்சு எடுக்கும். இந்த மூலையில முந்தி கொழுந்து மடுவம் இருந்திச்சு. கவ்வாத்து வெட்டி ஒரு வருசம் இருக்கும் போல, வாது இன்னும் சின்னதா இருக்கே.”

இதற்கு மேல் எந்தப் புகைப்படக் கோட்பாட்டுப் புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை. முழு நிறத்தில், கூர்மையாக, இலை நரம்பு வரை தெரிகிற படத்தை அவர் பார்த்தவுடன் தள்ளிவிட்டார். நிறமே இல்லாத, வானத்தைக் கறுப்பாக்கிய படத்தில் தன் முப்பது வருசத்தையும் வாசித்தார். கலை எவ்வளவு சேர்ந்தாலும் இடம் இடமாக இருந்தால் அந்த இடத்துக்காரருக்குத் தெரிகிறது. இதை விட்டால் வேறு அளவுகோல் என்னிடம் இல்லை.

பெட்டியில் இருந்த பச்சையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தந்த வாசனை ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரைதான் வரும். கச்சான் காற்று காய்ந்து அடிக்கிற மாதங்கள். செடி தண்ணீருக்குத் தவித்து, துளிர் மெதுவாகி நிற்கும்போதுதான் அந்த வாசனை இலையில் கூடுகிறது. அப்போது மலை பார்க்க அழகாக இராது. பத்தனைப் புல் பழுப்பாகக் கிடக்கும், தேயிலை மங்கிய பச்சை, ரோட்டோரச் செடியில் செம்மண் தூசி. படக்காரர்கள் அந்த மாதங்களில் வரமாட்டார்கள், வந்தாலும் பச்சையை ஏற்றிவிடுவார்கள். ஊவாவின் தனிச்சிறப்பு எந்த மாதத்தில் பிறக்கிறதோ அந்த மாதத்து ஊவாவை ஒருவரும் படமாக எடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையில் வருத்தம். வெளிறிய அந்த நிறங்களில் யாராவது ஒரு தொடர் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நண்பரின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒன்றும் தொடாத படமும் ஏமாற்றும்.

கொஸ்லந்தைக்குப் போகிறவர்கள் தியலும நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்காமல் வருவதில்லை. 220 மீட்டர். அங்கிருந்து அதிக தூரம் இல்லை மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய இடம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்ட நேரம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டு ஆட்களும் இல்லை என்று நின்ற பிள்ளைகள் உண்டு. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருசங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மண் சரிந்த இடத்தில் புல் வளர வருசக்கணக்கு ஆகாது. அதன் பிறகு அங்கே ஒரு மழைக்காலத்தில் நின்று, எதையும் சேர்க்காமல், நீக்காமல், நிறத்தைத் தொடாமல் எடுத்தால் கிடைப்பது ஒரு பச்சைச் சரிவு. மூன்று சங்கங்களின் விதியும் அதில் குறை காணாது. படத்தின் கீழே இடத்தின் பெயரும் அந்தத் திகதியும் இல்லாவிட்டால் அது மீரியபெத்தையின் படமே அல்ல. பண்டாரவளைப் பக்கம் உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மலையின் படத்தில் அதில் ஒன்றும் தெரியாது, மேலே பச்சை அப்படியே இருந்தது.

ஆகவே எழுத்தும் படத்தின் பகுதி என்று நான் நினைக்கிறேன். கலைப்படம் எடுப்பவர்களில் சிலருக்கு இது பிடிக்காது. படம் தானே பேச வேண்டும், கீழே எழுதினால் பலவீனம் என்பார்கள். ஓவியத்துக்கு அது பொருந்தலாம். இத்தனை பேர் வேலை செய்து, குடியிருந்து, புதைந்தும் போன ஒரு நிலத்தைக் காட்டும்போது பெயரும் மாதமும் எழுதுவதில் என்ன பலவீனம்?

2009 இல் ‘ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்’ பரிசு பெற்ற படத்தில் வேலி தாண்டிய ஓநாய் பழக்கிய ஓநாய் என்று முடிவுக்கு வந்து பரிசைப் பறித்தார்கள். 2017 இல் அதே போட்டியில் பரிசு பெற்ற எறும்புதின்னி பாடம் செய்த பொம்மை என்று கண்டு, அடுத்த வருசம் நீக்கினார்கள். ஒரு ஓநாய்க்கும் ஒரு எறும்புதின்னிக்கும் உலகம் அவ்வளவு கண்டிப்பாக நின்றது, நல்லது. ஒரு முழு லயத்தைத் துடைத்துவிட்ட படத்துக்கு நம் ஊரில் ஒரு முணுமுணுப்புக்கூட எழுவதில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். வெளிச்சத்தை இருட்டாக்குவேன், நிறத்தை எடுத்துவிடுவேன், ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைப்பேன். இவற்றுக்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கம்பி, கம்பம், கூரை, கொடி, பாதை, ஆள் எதையும் தொடுவதில்லை. கம்பி உறுத்தினால் நடந்து வேறு இடத்தில் நின்று எடுக்கலாம், அப்படி எடுத்தாலும் அருகில் லயம் இருக்கிறது என்று கீழே எழுதுவேன். தோட்டத்தின் பெயர், மாதம் இரண்டும் கட்டாயம்.

பதுளையிலோ பண்டாரவளையிலோ அடுத்த புகைப்படப் போட்டியை நடத்தப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தேயிலை மலையை ‘இயற்கை’ என்ற பிரிவுக்குள் திணிக்க வேண்டாம், சர்வதேச விதிப்படியும் அது அங்கே சேராது. ‘தோட்ட நிலம்’ என்று தனிப் பிரிவு வையுங்கள். கறுப்பு வெள்ளை, நீண்ட ஷட்டர், இருட்டறை வித்தை எல்லாவற்றையும் அனுமதியுங்கள், நீக்குவதை மட்டும் தடுங்கள். நடுவர் மேசையில் மூன்று பேர் இருந்தால் அதில் ஒருவர் கொழுந்தெடுத்தவராக இருக்கட்டும்.